நெகட்டிவ்கள் அழிந்தன, படங்கள் மிஞ்சின: லயனல் வென்டின் வளவு

கொழும்பு 07 இல், விகாரமகாதேவி பூங்காவுக்குச் சற்றுத் தள்ளி, லயனல் வென்ட் கலை நிலையம் இருக்கிறது. முன்னர் கில்ட்போர்ட் கிரசன்ட் என்று அழைக்கப்பட்ட அந்த வீதி இப்போது இசையமைப்பாளர் பிரேமசிறி கேமதாசவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. நாடகம் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கட்டடம் வெறுமனே ‘வென்ட்’தான். மாலையில் டிக்கெட் எடுக்க நிற்கும் வரிசையில், வென்ட் என்பவர் யார் என்று கேட்டால் தெரிந்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

அவர் ஒரு புகைப்படக் கலைஞர். பியானோ வாசித்தவர். 44 வயதில் இறந்தவர். இன்று மண்டபமும் காட்சிக்கூடங்களும் நிற்கும் இடத்தில்தான் அவருடைய வீடு இருந்தது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் நமக்கு அது ஓட்டோவில் போய்வரக்கூடிய தூரம். ஆனாலும் நம்மில் பலர் அதைக் கொழும்பு ஏழுக்காரரின் இடமாகவே எண்ணி விலகியிருந்துவிட்டோம். இவருடைய கதையில் வீட்டையும் படங்களையும் இழந்த எவருக்கும் பயன்படக்கூடிய ஒரு விடயம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நீதியரசரின் மகன்

லயனல் வென்ட் 1900 டிசம்பர் 3ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை ஹென்றி லோரன்ஸ் வென்ட் பறங்கியர், உயர் நீதிமன்ற நீதியரசர். இலங்கையில் புகைப்படக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டபோது அதில் முன்னின்றவர். தாய் அமேலியா டி சேரம் சிங்களவர். லயனலுக்குப் பத்து வயது கடந்த சிறிது காலத்தில் தந்தை இறந்தார். தாயும் 1918இல் இறந்துபோக, லயனலும் தம்பி ஹரியும் தனித்தார்கள்.

1919இல் லயனல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். குடும்பத் தொழிலான சட்டத்தை லண்டன் இன்னர் டெம்பிளில் படித்தார். அதே காலத்தில் ரோயல் அக்கடமி ஒஃப் மியூசிக்கில் பியானோவும் கற்றார். 1924இல் பரிஸ்டராகத் திரும்பியவர் சிறிது காலமே வழக்காடினார். பின்னர் கோட்டைக் கழற்றிவிட்டு பியானோவின் முன் உட்கார்ந்தார். நீதியரசரின் மகன் வழக்குகளை விட்டுவிட்டு வாத்தியம் வாசிப்பது அந்தக் காலக் கொழும்புச் சமூகத்துக்குச் சிறிய செய்தியல்ல. சொத்து இருந்தபடியால் அவருக்கு அது முடிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் தன் பணத்தையும் நேரத்தையும் தனக்காக மட்டும் செலவழிக்கவில்லை. ஐரோப்பாவில் வெளியாகும் புதிய நூல்களையும் இசைத்தட்டுகளையும் வரவழைத்தார். இளம் ஓவியர்களைத் தேடிப்பிடித்து, அவர்களுடைய படங்களை வாங்கினார், கண்காட்சி வைக்க உதவினார், பத்திரிகைகளில் அவர்களைப்பற்றி எழுதினார். கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற் இன்று இலங்கை ஓவியத்தின் பெரும் பெயர். யாரும் மதியாத காலத்தில் அவரை முன்னுக்குக் கொண்டுவந்தவர்களில் வென்ட் முதன்மையானவர்.

வெள்ளவத்தைக்கு வந்த புத்தக மூட்டை

1929இல் சிலி நாட்டின் கொன்சலாக 24 வயது இளைஞர் ஒருவர் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடற்கரையோரமாக ஒரு வீட்டில் குடியிருந்தார். அவர் பாப்லோ நெருடா. அன்றைய வெள்ளவத்தை நகரத்தின் விளிம்பு. வேலை குறைவு, தனிமை அதிகம். வென்ட் வாரந்தோறும் சைக்கிளில் ஓர் ஆளிடம் புத்தக மூட்டையைக் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்த மாதங்களில் தான் வாசித்த ஆங்கில நாவல்களை எல்லாம் அடுக்கினால் மைல் கணக்கில் நீளும் என்ற பொருளில் நெருடா தன் நினைவுக் குறிப்புகளில் பின்னர் எழுதினார். வென்டைப்பற்றி நன்றியோடும் மதிப்போடும் எழுதியிருக்கிறார்.

அதே நினைவுக் குறிப்புகளில் இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளவத்தை வீட்டின் மலவாளியை எடுத்துச்செல்ல நாள்தோறும் வந்த, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தான் பலவந்தப்படுத்தியதை நெருடாவே எழுதிவைத்திருக்கிறார். அவர் இறந்த பிறகு, 1974இல், அந்த நூல் வெளிவந்தது. நீண்ட காலம் உலகம் அந்தப் பக்கத்தைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை வந்தபோது சிலியின் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் இதைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். 2021இல் அசோக ஹந்தகம இந்தச் சம்பவத்தை வைத்து ஒரு திரைப்படம் எடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘அல்போராடா’. ஸ்பானிய மொழியில் விடியல் என்று பொருள். வென்டின் கில்ட்போர்ட் கிரசன்ட் வீட்டுக்கும் அதே பெயர்தான்.

நெருடா வாழ்ந்த மூன்று வீடுகள் சிலியில் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. வென்டின் பெயரில் கொழும்பில் மண்டபம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வெள்ளவத்தையின் வரலாறு எழுதப்படும்போது அவளும் அதில் இருக்கவேண்டும்.

கமராவும் இருட்டறையும்

தந்தையின் கமரா மோகம் மகனிடம் முப்பதுகளின் தொடக்கத்தில் தீவிரமாகத் திரும்பியது. ரோலிஃபிளெக்ஸ், லைக்கா கமராக்களோடு வென்ட் நாடெங்கும் அலைந்தார். மீனவர்கள், உழவர்கள், கண்டிய நடனக்காரர்கள், பௌத்த இடிபாடுகள், பனியில் நிற்கும் மரங்கள், கடலலை எல்லாம் அவருக்குப் பொருளாயின.

எடுத்ததை அப்படியே கழுவித் தருவதில் அவருக்குத் திருப்தி இருக்கவில்லை. இருட்டறையில் நாள் கணக்காக வேலை செய்தார். கழுவிக்கொண்டிருக்கும் படத்தின்மீது ஒரு கணம் வெளிச்சம் பாய்ச்சி, உருவத்தின் ஓரங்களில் கருமையும் வெண்மையும் இடம் மாறும்படி செய்தார். இரண்டு மூன்று நெகட்டிவ்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் புதிய காட்சியை உருவாக்கினார். பாரிஸில் மான் ரே போன்றவர்கள் செய்துகொண்டிருந்த பரிசோதனைகளை, அதே காலத்தில், கொழும்பின் வெக்கையில் தனியொருவராகச் செய்தார். 1938இல் அவருடைய படங்கள் லண்டனில் கமரா கிளப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

ஆண்களின் உடலை அவர் பார்த்த பார்வை அக்கால இலங்கையில் புதியது. வெற்று மேனியோடு நிற்கும் இளைஞர்களை வலிமையும் மென்மையும் ஒன்றாகத் தெரியும்படி எடுத்தார். ஆணை ஆண் நேசிப்பதை 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்கியிருந்தது. அந்தப் பிரிவு இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது. வென்ட் திருமணம் செய்யவில்லை. வெளியே பேசமுடியாத ஒன்றை அவர் படத்தில் பேசினார் என்று இன்றைய ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள்.

இந்தப் படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். எடுத்தவரின் பெயர் உலகம் முழுக்கப் போயிற்று. படத்தில் நிற்பவர்களில் மிகப் பலருடைய பெயர் நமக்கு வந்துசேரவில்லை.

தேயிலைக்காக எடுத்த படம்

1934இல் பசில் ரைட் என்ற இளம் ஆங்கிலேயர் ஒரு திரைப்படம் எடுக்க இலங்கைக்கு வந்தார். செலவு தேயிலைப் பிரசார சபையினுடையது. தேயிலையை விற்க உதவும் விளம்பரமாகத் தொடங்கிய வேலை, ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற முழு ஆவணப்படமாக முடிந்தது. மனிதர்களையும் இடங்களையும் ரைட்டுக்குக் காட்டிக்கொடுத்து உதவியவர் வென்ட். படத்தில் கேட்கும் வருணனையும் அவர் குரல்தான். 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்த றொபேர்ட் நொக்ஸ் எழுதிய நூலின் பகுதிகளை அவர் வாசித்தார். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் அது முதல் பரிசு பெற்றது. ஆவணப்படம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் அது பாடம். ஊடகக் கல்வி வகுப்பில் நான் வென்டின் குரலை முதலில் கேட்டதும் அந்தப் படத்தில்தான்.

கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழர் அந்தப் படத்தில் வந்துபோகிறார்கள். அவர்களின் உழைப்பில் வந்த பணம்தான் படத்தின் செலவுக்கும் போயிருக்கும். படம் வந்து பதினான்கு வருடங்களில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. படத்தின் அழகை மறுக்கவேண்டியதில்லை. அதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கையும் நினைவில் வைத்திருக்கலாம்.

1943 ஓகஸ்ட் 29

ஓவியத்தில் அப்போது ஆட்சி செலுத்தியது பிரித்தானியப் பாணி. பார்த்ததைப் பார்த்தபடி வரைவதே சிறப்பு என்று கருதப்பட்டது. இதை ஏற்காத ஓவியர்கள் 1943 ஓகஸ்ட் 29இல் வென்டின் வீட்டில் கூடினார்கள். ‘43 குழு’ அன்று பிறந்தது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ரிச்சர்ட் கேப்ரியல், ஓப்ரி கொலெற், ஜெஃப்ரி பேலிங், மஞ்சுசிறி ஆகியோர் அதில் இருந்தனர். அந்த ஆண்டு நவம்பரில் முதல் கண்காட்சி. 1952இல் லண்டன். 1956இல் வெனிஸ்.

அந்தப் பட்டியலில் தமிழர் ஒருவரும் உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எஸ்.ஆர். கனகசபை. சித்திர வித்தியாதரிசியாக இருந்தவர். 1938இலேயே யாழ்ப்பாணத்தில் வின்ஸர் சித்திரக் கழகத்தைத் தொடங்கி, ஆசிரியர்களையும் இளைஞர்களையும் வரையவைத்தவர். 43 குழுவைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் கட்டுரைகளில் அவர் பெயர் ஒரு வரியோடு முடிந்துவிடும். தமிழிலும் அவரை நாம் அதிகம் எழுதவில்லை.

குழு தொடங்கி பதினாறு மாதங்கள்கூட ஆகவில்லை. 1944 டிசம்பர் 19இல் மாரடைப்பில் வென்ட் இறந்தார். அடுத்த வருடமே தம்பி ஹரியும் இறந்தார்.

அழிந்ததும் மிஞ்சியதும்

வென்ட் இறந்த பின்னர் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. புகைப்படக் கலைஞர் ஒருவருக்கு நெகட்டிவ் என்பது விதைநெல். அது இருந்தால் எத்தனை படமும் திரும்ப எடுக்கலாம். அது போனால், ஏற்கெனவே அச்சிட்டவை மட்டும்தான் மிச்சம்.

ஆனால் அந்த அச்சுகள் ஏராளமாக இருந்தன. வென்ட் வாழ்ந்த காலத்திலேயே படங்களை நண்பர்களுக்குக் கொடுத்திருந்தார், கண்காட்சிகளுக்கு அனுப்பியிருந்தார், சஞ்சிகைகளில் வெளியிட்டிருந்தார். அவற்றைச் சேர்த்து 1950இல் ‘லயனல் வென்ட்ஸ் சிலோன்’ என்ற நூலை நண்பர்கள் லண்டனில் வெளியிட்டார்கள். தசாப்தங்கள் கழித்து வேறு அச்சுகளும் வெளிவந்தன. 2017இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. இன்று உலக அருங்காட்சியகங்களில் தொங்கும் வென்டின் படங்கள் எல்லாம் அவர் உயிரோடு இருந்தபோது கையால் அச்சிட்டவை, அல்லது அவற்றின் பிரதிகள். அவர் கொடுத்தவைதான் மிஞ்சின.

வீட்டின் கதையும் இதுதான். சகோதரர்களின் சொத்து கலைக்காக ஒதுக்கப்பட்டது. நண்பர் ஹரல்ட் பீரிஸ் அதைப் பொறுப்பெடுத்து நிறைவேற்றினார். அல்போராடா நின்ற நிலத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட இருக்கைகளுடன் மண்டபம் எழுந்தது. 1953 டிசம்பர் 12இல் மாக்சிம் கார்க்கியின் நாடகத்தோடு திறக்கப்பட்டது. காட்சிக்கூடங்களும் சேர்ந்தன. அவற்றில் ஒன்று ஹரல்ட் பீரிஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அங்கே போகிறவர்கள் வென்டின் கட்டிலையும் கண்ணாடியையும் பூட்டிவைத்த அருங்காட்சியகத்தை எதிர்பார்க்கக்கூடாது. இன்று ஒரு மாணவரின் ஓவியம் தொங்கும், அடுத்த கிழமை வேறொருவரின் புகைப்படம். மாலையில் நாடகம். வென்ட் வீட்டில் நடந்ததும் அதுதானே. ஓவியர் வாழ்ந்த வீட்டை வீடாகவே பார்க்க விரும்புகிறவர்கள் பார்ன்ஸ் பிளேசுக்குப் போகலாம். 43 குழுவின் ஹரி பீரிஸ், தன் வீட்டையும் தான் சேர்த்த ஓவியங்களையும் சப்புமல் மன்றமாக ஆக்கி 1974இல் பொதுவுக்குக் கொடுத்தார். குழுவின் ஓவியங்களை ஒரே கூரையின்கீழ் பார்க்க அதைவிட நல்ல இடம் கொழும்பில் இல்லை.

அந்த மேடையில் நம் பங்கு

1956 நவம்பர் 3. லயனல் வென்ட் மேடையில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ முதன்முதலாக அரங்கேறியது. சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றிய நாள் அது. அதன் வடிவம் சிங்கள நாடகமவிலிருந்து வந்தது. நாடகம தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து வந்தது. பேராதனையில் சரச்சந்திரவின் சக பேராசிரியராக இருந்த சு. வித்தியானந்தன் இதைக் கண்டு, நம் கூத்துகளைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ எல்லாம் அறுபதுகளில் அடுத்தடுத்து வந்தன. பின்னர் தமிழ் நாடகங்களும் வென்ட் மண்டபத்தில் மேடையேறின.

1956இல் இன்னொன்றும் நடந்தது. ‘மனமே’ மேடையேறுவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், ஜூனில், தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. கூத்திலிருந்து வந்த வடிவத்தை மேடையில் கொண்டாடிய அதே வருடம், கூத்தின் மொழி அரச அலுவலகத்துக்கு வெளியே தள்ளப்பட்டது.

நம் வீடுகள்

1981இல் யாழ்ப்பாண நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் மற்றப் பகுதிகளிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. ஆட்கள் அயலவர் வீட்டில் ஒளிந்தோ அகதி முகாமுக்கு ஓடியோ உயிர் தப்பினார்கள். அல்பங்கள் அலுமாரியோடு போயின. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோதும், 2009இல் வன்னியில் ஒவ்வொரு பதுங்குகுழியாக நகர்ந்தபோதும் இதுவே நடந்தது. ஓவியரின் ஓவியம், ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி, ஸ்டூடியோக்காரரின் நெகட்டிவ் பெட்டி, கலியாணப் படம். தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது கொஞ்சம்தான்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களின் போராட்டத்தில் தாய்மார் பிடித்திருக்கும் படங்களைப் பாருங்கள். சில, அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தவை. சில, யாரோ ஒருவருடைய கலியாண வீட்டுப் படத்தின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்தவை. அந்தக் கலியாணப் படம் இன்னொரு ஊரில் இன்னொரு உறவினரிடம் இருந்திருக்கும். கொடுத்து வைத்திருந்ததால்தான் மகனின் முகம் மிஞ்சியிருக்கிறது.

வென்டுக்குப் பணம், நிலம், நண்பர்கள், செல்வாக்கு எல்லாம் இருந்தன. யுத்தம் அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை. அவ்வளவு இருந்தும் நெகட்டிவ் காப்பாற்றப்படவில்லை. ஒரே இடத்தில் ஒரேயொரு பிரதி என்றால் யாருடையதும் அழியும். பல கைகளில் இருந்தால் தப்பும். இதற்கு மண்டபமும் அறக்கட்டளையும் தேவையில்லை. 2005இலிருந்து இயங்கும் நூலகம் மின்னூலகம் இந்த வேலையைத்தான் செய்கிறது. எரிந்த நூல்களின் மற்றப் பிரதிகளை ஊர் ஊராக, நாடு நாடாகத் தேடி, ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்துவைக்கிறது.

வீட்டில் ஒரு பழைய படப்பெட்டி மிஞ்சியிருந்தால் இந்தக் கிழமையே எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியிலாவது படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். பின்பக்கத்தில் பேனையால் எழுதவேண்டாம், மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுங்கள். பெயர் தெரிந்த அம்மம்மாவோ பெரியப்பாவோ இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஓரத்தில் நிற்கிறவரின் பெயரையும், கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் வேலைக்காரப் பெண்ணின் பெயரையும் விடாமல் எழுதுங்கள்.